நீச்சல் பயிற்சியாளராகச் சேரும் முன்: உடம்பையும் காகிதங்களையும் தயார் செய்வது எப்படி

சென்னையில் எட்டு வருடமாக நீச்சல் சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் குழந்தைகள் பேட்ச், காலையில் ஒரு லேடீஸ் பேட்ச். மூன்றாவது வருட சம்மர் கேம்பில், ஆழமான பக்கத்தில் பயந்துபோன ஒரு அக்கா என் கழுத்தையும் வலது தோளையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கியதில் தோள்பட்டைத் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. நான்கு மாதம் வேலை இல்லை, சம்பளம் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அது இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் போகிறது என்று நம்பியிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் போய் நின்றபோதுதான் என் பெயரில் எண்ணே இல்லை என்று தெரிந்தது. பிடித்தது வருமான வரி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் பள்ளி, கல்லூரி அணியில் நீந்தியவர்கள், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது, உடம்பு என்ன சொன்னாலும் கேட்கும். நீந்துவது வேறு, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் தண்ணீரில் நின்று அடுத்தவரைத் தாங்குவது வேறு. அந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் செய்யத் தவறியதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன், நீங்கள் இதே வரிசையில் செய்யுங்கள்.

1. சேருவதற்கு ஒரு மாதம் முன்பே உடல் பரிசோதனை

பெரும்பாலான இடங்களில் மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். பலரும் தெரிந்த கிளினிக்கில் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அது அவர்களுடைய கோப்புக்கான காகிதம். உங்களுக்காகச் செய்ய வேண்டியது வேறு.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம், அந்தக் காதோடு தினமும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆஸ்துமாவோ மூச்சிரைப்போ சின்ன வயதில் இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மூடிய குளமா திறந்தவெளிக் குளமா என்று தேர்ந்தெடுக்க அது உதவும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள், ஏணியின் துருப்பிடித்த கம்பியும் உடைந்த டைல்ஸும் எல்லாக் குளத்திலும் உண்டு. பெண்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள், ரத்தம் குறைவாக இருந்தால் இந்த வேலையில் முதல் வாரமே தலைசுற்றும்.

பழைய அடி ஏதாவது, தோளிலோ முழங்காலிலோ முதுகிலோ, இருந்தால் அதையும் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள். வேலை கிடைக்காதோ என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். பிறகு வேலையில் அடிபட்டால் "இது பழசு" என்று சொல்லிவிடுவார்கள், அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு தனியார் கிளினிக்கில் 1,800 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனையில் செலவு இல்லை, ஆனால் இரண்டு மூன்று காலைப்பொழுது போகும். கேம்ப் ஏப்ரலில் தொடங்கும் என்பதால் பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்தால் அவசரப்படாமல் முடிக்கலாம்.

2. கையெழுத்துப் போடும் முன்: நீங்கள் பணியாளரா, கன்சல்டன்டா?

இந்த ஒரு கேள்வியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சம்பளத்தில் பிடித்தம் என்று ஒரு தொகை இருந்தால் அது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.க்குப் பணியாளர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய்தான். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், 488 ரூபாய் கட்ட வேண்டும். உங்களிடம் 1,500 ரூபாய் பிடிக்கிறார்கள் என்றால் அது 10 சதவீதம், டி.டி.எஸ். என்கிற வருமான வரிப் பிடித்தம். விளையாட்டுப் பயிற்சியாளர்களை வருமான வரித்துறை தொழில்முறைச் சேவை செய்பவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் உங்களைப் பணியாளராகக் காட்டாமல் கன்சல்டன்ட், அதாவது வெளியிலிருந்து வந்து சேவை தருகிறவர் என்று காட்டுவது நிர்வாகத்துக்கு எளிது. அப்படிக் காட்டினால் இ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை, விடுப்பும் இல்லை. (அந்த வரிப் பணம் போனது போனதுதான் என்று விட்டுவிடாதீர்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். நான் வாங்கினேன்.)

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமா, உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளா? அப்படியானால் இ.எஸ்.ஐ. எண் எங்கே என்று முதல் வாரமே கேளுங்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், குடும்பத்தினர் விவரம், புகைப்படம், வாரிசுதாரர் பெயர், இவ்வளவுதான் நீங்கள் கொடுக்க வேண்டியது. பதிவு செய்ததும் பத்து இலக்கக் காப்பீட்டு எண் வரும், இ-பெஹ்சான் என்கிற இ.எஸ்.ஐ. அடையாள அட்டையை அச்சிட்டுத் தருவார்கள். "போட்டாச்சு, அட்டை அப்புறம் வரும்" என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள், எண் கைக்கு வந்தால்தான் பதிவானதாக அர்த்தம். மத்திய அரசின் உமாங் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று நீங்களே பார்க்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கேம்புக்கு மட்டும் சேருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை, அதாவது சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் அதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், அந்த உரிமையும் அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். ஏப்ரலும் மே மாதமும் மட்டும் வேலை செய்தால் 61 நாளைத் தாண்டாது. ஜூனிலும் வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு இந்த நாள் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், அடிபட்ட நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்த எண் இருந்திருந்தால் நான்கு மாதமும் வீட்டு வாடகைக்குத் தங்க வளையலை அடகு வைத்திருக்க வேண்டாம்.

திருமணமான பெண்களுக்கு இன்னொன்று. இ.எஸ்.ஐ. இருந்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரை, சம்பளத்தோடு. கன்சல்டன்ட் என்றால் அது கிடையாது.

3. இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் என்ன செய்வது

ஐந்தாறு பேர் மட்டும் வேலை செய்யும் சின்னக் குளம், அபார்ட்மென்ட் குளம், ஹோட்டல் குளத்தில் கன்சல்டன்டாகப் பகுதி நேரம் என்றால் உங்கள் பாதுகாப்பை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கியில் பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள், வருடத்துக்கு 20 ரூபாய், ஜூன் 1 முதல் மே 31 வரை. விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஆனால் இது ஆஸ்பத்திரிச் செலவுக்கோ இழந்த சம்பளத்துக்கோ ஒரு ரூபாயும் தராது, அதை நம்பி நின்றுவிடாதீர்கள். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் பாலிசி நின்றுவிடும்.

சம்பள இழப்புக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும், அதிலும் "தற்காலிக முழு இயலாமை"க்கு வாரத் தொகை தரும் பிரிவு இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்று எழுதச் சொல்வார்கள் ஏஜென்டுகள், பிரீமியம் குறையும் என்று. செய்யாதீர்கள். நீச்சல் பயிற்சியாளர் என்றே எழுதுங்கள், தொழில்முறை விளையாட்டு என்று சொல்லி விலக்கிவிடுவார்களா என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது வருடத்துக்கு 3,000 ரூபாய்க்குள் கட்டுகிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.

4. தண்ணீரில் நிற்கும் நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள்

கேம்ப் நேரத்தில் காலையில் மூன்று பேட்ச், மாலையில் மூன்று பேட்ச் என்று போட்டுவிடுவார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பேட்சில் பத்துக் குழந்தைகள், ஒவ்வொரு குழந்தையையும் வயிற்றுக்கடியில் கை கொடுத்து ஆறு முறை தாங்கிக் கொண்டுபோகிறீர்கள், அறுபது முறை. ஆறு பேட்சுக்கு முந்நூற்று அறுபது முறை, அதே வலது கை, அதே நீட்டிய கோணம். மிதக்கிற குழந்தைக்கு எடையே இல்லைதான், ஆனால் அது பயந்து தலையைத் தூக்கிய அந்த நொடியில் முழு எடையும் உங்கள் தோளில் இறங்கும். என் தோள் கிழிந்தது ஒரு நாளில்தான், ஆனால் அதற்கு முன் இரண்டு மாதமாக இரவில் வலது பக்கம் படுக்க முடியாமல் இருந்தது. அதை நான் அசதி என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

ஆகவே: ஒரு குழந்தைக்கு வலது கை என்றால் அடுத்ததற்கு இடது கை. முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, குழந்தையை உங்கள் உடம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோளைத் தண்ணீருக்குள் தாழ்த்தி நடங்கள். மூன்றாவது நாளிலிருந்து கிக் போர்டிலோ நூடுல் என்கிற மிதவைக் குழாயிலோ பழக்குங்கள், கையால் தாங்கிக்கொண்டே இருந்தால் குழந்தையும் சீக்கிரம் கற்காது. தண்ணீரிலிருந்து மேலே வர, விளிம்பில் கையை ஊன்றி எம்பி ஏறாதீர்கள், ஏணியில் ஏறுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை எம்புவது தோளுக்குக் கெடுதல். வார்ம் அப் இல்லாமல் திடீரென்று பட்டர்ஃபிளை காட்டுவதும் அப்படித்தான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் காலடியைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினால் முழங்காலின் உள்பக்கம் வலிக்கும், அதைக் கரையில் உட்கார்ந்தே காட்டலாம்.

தொடர்ந்து இரண்டு பேட்சுக்கு மேல் தண்ணீருக்குள் வேண்டாம். மூன்றாவதை மேலே நின்று நடத்துகிறேன், இன்னொருவர் உள்ளே இருக்கட்டும் என்று சேரும்போதே சொல்லுங்கள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், மார்கழிக் காலையில் அசையாமல் நின்று சொல்லிக் கொடுக்கிறவருக்குக் குழந்தைகளைவிட முதலில் குளிரும். வெயில் காலத்தில் நேர்மாறு, வியர்ப்பதே தெரியாது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட பிறகுதான் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஞாபகம் வரும். பேட்சுக்கு அரை லிட்டர், அதில் ஒருமுறை உப்பு போட்ட மோர், இதுதான் என் கணக்கு.

5. பயந்தவரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள்

நான் அன்று செய்த தவறு இது. பெரியவர்கள் பேட்சில் ஒருவர் தத்தளித்தால் முதலில் கம்பை நீட்டுங்கள், எட்டவில்லை என்றால் மிதவையோ கயிறோ வீசுங்கள், அதுவும் முடியாதபோதுதான் நீங்கள் இறங்க வேண்டும், அப்போதும் ரெஸ்க்யூ டியூபை, அதாவது நீளமான மீட்பு மிதவையை நடுவில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போக வேண்டும். மீறிப் பிடித்துக்கொண்டால் மேலே எழும்பப் போராடாதீர்கள், மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போய்விடுங்கள். மூழ்குகிறவர் மேலே போகத்தான் பார்ப்பார், பிடியை விட்டுவிடுவார். நான் அவரைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தேன், அப்போதுதான் தோளில் சத்தம் கேட்டது. அவர் நலமாகக் கரையேறினார், அது பெரிய நிம்மதி.

முதலுதவிப் பயிற்சியைச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற இடங்களில் முடித்துச் சான்றிதழ் வாங்குங்கள். உயிர்காப்பு நீச்சலுக்கு ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி பயிற்சி நடத்துகிறது.

6. குளோரின், காது, தோல்

குளத்தில் குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் சுத்தமாக இருக்கிறது என்று நினைப்போம். உண்மை அதற்கு எதிர். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன் ஆகும்போதுதான் அந்த நெடி வருகிறது, கண் எரிச்சலும் இருமலும் அதனால்தான். அது தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கும், சரியாக உங்கள் மூக்கு இருக்கும் உயரத்தில். மூடிய குளத்தில் வேலை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று தினமும் பாருங்கள், குழந்தைகளைக் குளித்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். டெஸ்ட் கிட்டில் குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்.முக்குள், பி.எச். 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். இந்த அளவுகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் ரசாயனம் போடுகிற வேலையை உங்கள் தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள். சின்ன இடங்களில் ஆபரேட்டர் வராத நாளில் "மிஸ், அந்தப் பவுடரைக் கொஞ்சம் கரைச்சு ஊத்திடுங்க" என்பார்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிரைப் பறிக்கக்கூடியது. வேறு வேறு வகைக் குளோரின் பொடியையும் மாத்திரையையும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

காதில் பட்ஸ் வேண்டாம், எண்ணெய் விடவும் வேண்டாம். நம் வீடுகளில் காதுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கம் உண்டு, ஈரமான காதில் அது தொற்றை வளர்க்கும். தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, துண்டின் நுனியால் வெளிக்காதை மட்டும் துடையுங்கள். காது மடலை இழுத்தால் வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், இரண்டு நாள் பொறுத்தால் இரண்டு வாரம் தண்ணீரைத் தொட முடியாது. ஈர உடையோடு அடுத்த பேட்ச் வரை உட்கார்ந்திருந்தால் படையும், பெண்களுக்கு அரிப்பும் தொற்றும் வரும், மாற்று உடை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் மேலே நின்று நடத்த விரும்பினால் தயங்காமல் கேளுங்கள், நாங்கள் பெண் பயிற்சியாளர்கள் இப்போது ஒருவருக்கொருவர் பேட்ச் மாற்றிக்கொள்கிறோம்.

7. தொண்டையும் வெயிலும்

தண்ணீருக்குள் காது மூழ்கிய குழந்தைக்குக் கத்தினாலும் கேட்காது. விசில் ஒன்று, கை சைகை நான்கு என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். திறந்தவெளிக் குளத்தில் ரேஷ் கார்டு என்கிற முழுக்கை நீச்சல் மேல்சட்டையும் தொப்பியும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத, தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீனும் கட்டாயம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, தண்ணீரிலிருந்து ஏறிய பிறகும் பூச வேண்டும். இந்த மூன்றுக்கும் எனக்கு வருடத்துக்கு 4,000 ரூபாய் ஆகிறது, நிர்வாகம் தருமா என்று கேளுங்கள்.

8. அடிபட்ட அன்றே செய்ய வேண்டியவை

மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றையும் விடாதீர்கள்.

முதலில், மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் போதும்: தேதி, நேரம், எந்தக் குளம், எந்த பேட்ச், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். நான் வாயால் மட்டும் சொன்னேன், ஒரு மாதம் கழித்து "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார்கள். விபத்துப் பதிவேடு இருந்தால் அதில் எழுதச் செய்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் விபத்து அறிக்கையை நிர்வாகம் உடனே அனுப்ப வேண்டும், அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, மருத்துவரிடம் "தோள் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலை நேரத்தில், குளத்தில், இப்படி அடிபட்டது என்று சொல்லி ஓ.பி. சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். என் சீட்டில் "தோள் வலி" என்று மட்டும் இருந்தது, அதை வைத்து எங்கும் எதுவும் கேட்க முடியவில்லை. சீட்டு, ஸ்கேன், பில், மருந்துக் கடை ரசீது, விடுப்புச் சான்று எல்லாவற்றின் மூலமும் ஒரு கோப்பில், நகல் இன்னொன்றில்.

எண்ணெய் போட்டு நீவுவது, முறுக்கிச் சொடக்கெடுப்பது வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், ஓய்வு, கூடவே எலும்பு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். எனக்கு எம்.ஆர்.ஐ. 7,500 ரூபாய், பிசியோதெரபி ஒரு முறைக்கு 500 வீதம் இருபத்து நான்கு முறை, மொத்தம் 19,500 ரூபாய், மருந்து தனி. அரசுப் பொது மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு என்பதே எனக்குப் பதினைந்தாவது முறைக்குப் பிறகுதான் தெரிந்தது. இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குச் சென்னையில் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன, முதலில் உங்கள் மருந்தகத்தில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

9. திரும்ப வேலைக்குப் போகும்போது

வலி போய்விட்டது என்பதற்காகப் போகாதீர்கள். கையைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்க முடிகிறதா, இரண்டு கையும் ஒரே பலத்தில் இருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு, மருத்துவரிடம் வேலைக்குத் தகுதிச் சான்று வாங்குங்கள். அதில் "முதல் நான்கு வாரம் கரையில் நின்று மட்டும்" என்று எழுதச் சொல்லலாம், நான் அப்படித்தான் வாங்கினேன். அந்த வரி இல்லாவிட்டால் முதல் நாளே மூன்று பேட்சுக்குத் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். மேலாளரிடம் நகலைக் கொடுங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும்.